சண்டே எல்லாருக்கும் லீவு... அம்மாவுக்கு? கிறிஸ்தவ வீடுகளில் 'ஓய்வுநாள்' சாத்தியமா?

ஞாயிறு காலை 5.30 மணி. பிள்ளைகளை எழுப்பி, துணிகளை அயர்ன் பண்ணி, அரிசியை ஊறப்போட்டுவிட்டு முதல் ஆராதனைக்கு ஓட வேண்டும். திரும்பி வந்ததும் மட்டன் குழம்பு. மதியம் விருந்தாளிகள். சாயங்காலம் ஸ்கூல் யூனிஃபார்ம், ஹோம்வொர்க். பல கிறிஸ்தவ வீடுகளில் 'ஓய்வுநாள்' இப்படித்தான் போகிறது. அதுவும் அம்மாக்களுக்கு, வாரத்திலேயே அதிக வேலை அன்றைக்குத்தான்!

பைபிள் என்ன சொல்கிறது?

பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளும் ஒன்று. யாத்திராகமம் 20-ம் அதிகாரம் அதற்குச் சொல்லும் காரணம் படைப்பு: கடவுள் ஆறு நாள் வேலை செய்து, ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார். உபாகமம் 5-ம் அதிகாரம் வேறொரு காரணத்தைச் சொல்கிறது: எகிப்தில் நீங்கள் அடிமைகளாக இருந்ததை மறக்காதீர்கள்.

அடிமைக்கு லீவு கிடையாது. அதனால்தான் அந்தக் கட்டளை குடும்பத் தலைவரோடு நிற்கவில்லை. மகன், மகள், வேலைக்காரர், வேலைக்காரி, கால்நடை, ஊரில் தங்கியிருக்கும் அந்நியர் வரை எல்லாருக்கும் ஓய்வு என்கிறது. அதாவது, வீட்டில் ஒருவர் ஓய்வெடுக்க இன்னொருவர் ஓடிக்கொண்டிருந்தால், கட்டளையின் பாதியைத்தான் கடைப்பிடிக்கிறோம்.

சனியா, ஞாயிறா?

பைபிளின் ஏழாம் நாள் சனிக்கிழமை. இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்பதால் ஆதித் திருச்சபை வாரத்தின் முதல் நாளான ஞாயிறன்று கூடியது. கி.பி. 321-ல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிறை ஓய்வுநாளாக அறிவித்தார். விவசாய வேலைக்கு மட்டும் விலக்கு இருந்தது.

இந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்கும் புதிதல்ல. 1857-ல் நாசரேத் பகுதியில், சட்டாம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம், மிஷனரிகளிடமிருந்து பிரிந்து தனிச் சபை தொடங்கினார். அந்தச் சபை சனிக்கிழமையையே ஓய்வுநாளாக ஆசரித்தது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினரும் சனிக்கிழமைதான் ஆராதிக்கிறார்கள்.

வீட்டில் எப்படித் தொடங்கலாம்?

* சனி மாலையே ஆரம்பம்: யூத மரபில் நாள் என்பது மாலையில் தொடங்கும். யூதக் குடும்பங்கள் வெள்ளி சூரியன் மறைவதற்குள் சமையலை முடித்துவிடுவது இதனால்தான். அதே மாதிரி அயர்ன், யூனிஃபார்ம், ஹோம்வொர்க் எல்லாவற்றையும் சனி மாலை 6 மணிக்குள் முடித்துவிட்டால் ஞாயிறு லேசாகும்.

* மெனுவைக் குறைங்க: மட்டன் குழம்புதான் வேணுமா? சனிக்கிழமையே வைத்துவிடலாம், மறுநாள் ருசி கூடத்தான் செய்யும். பாத்திரம் கழுவுவது அப்பா, பிள்ளைகள் பொறுப்பு.

* வீட்டு வேலைக்கு வருபவருக்கும் லீவு: சம்பளம் பிடிக்காமல் கொடுக்க வேண்டும். 'சமைக்க வேண்டாம், ஆர்டர் பண்ணிடலாம்' என்றால், வெயிலில் வண்டி ஓட்டி வருபவரின் ஞாயிறையும் யோசிக்கணும்.

* போனுக்கும் ஓய்வு: முழு நாளும் முடியாது என்றால், ஆராதனை முடிந்து மாலை டீ வரை. ஆபீஸ் குரூப்பை மியூட் பண்ணிடலாம்.

* ஞாயிறு ஷிஃப்ட்டா? நர்ஸ், போலீஸ், ஐ.டி. ஊழியர்களுக்கு வேறு நாள் இருக்கட்டும். ஞாயிறு முழுக்க வேலை பார்க்கும் போதகர்கள் பலர் திங்கட்கிழமைதான் ஓய்வெடுக்கிறார்கள். எந்த நாள் என்பதை மாதத் தொடக்கத்திலேயே காலண்டரில் குறித்துவிட்டால், 'இன்னைக்கு வேண்டாம், அப்புறம் பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போகாது.

எல்லாவற்றுக்கும் தடையா?

'டிவி பார்க்காதே, விளையாடாதே' என்று பிள்ளைகளிடம் பட்டியல் நீட்டினால், அவர்களுக்கு ஞாயிறே வெறுத்துப்போகும். ஓய்வுநாளில் நோயாளிகளைக் குணமாக்கியதற்காக இயேசு மீதே குற்றம் சாட்டினார்கள். மனிதர்களுக்காக வந்த நாள் மனிதர்களுக்கே சுமையாகக் கூடாது என்பதுதான் அவரது நிலைப்பாடு. அதனால் பீச்சுக்குப் போவது, தாத்தா பாட்டியைப் பார்ப்பது, உடம்பு சரியில்லாத பக்கத்து வீட்டுக்காரருக்குக் கஞ்சி கொடுப்பது எல்லாமே இந்த நாளுக்குள் அடங்கும்.

மொத்தமாக மாற்ற வேண்டியதில்லை. வரும் சனிக்கிழமை, 'நாளைக்கு உனக்கு என்ன வேலை குறையணும்?' என்று அம்மாவிடம் கேளுங்கள். அவர் சொல்லும் முதல் வேலையை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.