இரத்தம் இருக்கும் தூரம்

செய்யூரை அடுத்த கடற்கரைச் சாலையில் லாரி மோதித் தொடையெலும்பு முறிந்து கிடப்பவனுக்கு, செங்கற்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியிலுள்ள இரத்தம் நெடுந்தூரத்திலிருக்கிறது. 2021 டிசம்பரில் இதே ஜில்லாவின் மேல்மருவத்தூரில் தொடங்கப்பெற்ற திட்டம், விபத்துக்குள்ளானோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கிற்று. மெச்சத்தக்க காரியமே. ஆனால் இரத்தப்பெருக்கினால் மாள்வோர் பெரும்பாலும் முதற் சில மணிகளுக்குள்ளேயே மாள்கின்றனர்.

முன்னாளில் கிராமத்து ரண வைத்தியர், உறவினன் கையிலிருந்து இரத்தமெடுத்துப் பரிசோதித்து அப்பொழுதே ஏற்றுவார். 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு இரத்த வியாபாரத்தை ஒழிக்கத் தீர்ப்பளித்தது. நியாயமான தீர்ப்பு, ஆயினும் லைசென்ஸ் விதிகள் இறுகியபோது அவ்வைத்தியரின் கையும் கட்டுண்டது. 2001-இல்தான் விதி தளர்ந்தது. தனி லைசென்ஸின்றி, அங்கீகாரம் மட்டும் பெற்று, சிறு ஆஸ்பத்திரிகள் பெரிய இரத்த வங்கியிடம் வாங்கிச் சேமிக்கலாமென்றாயிற்று.

சிவப்பணுக்கள் குளிர்பெட்டியில் 35 நாள், போஷகத் திரவம் சேர்த்தால் 42 நாள் கெடாதிருக்கும். நாள் கடக்குமுன் திருப்பியனுப்பிப் புதியது பெறவும் வழியுண்டு. வீணாகுமென்ற சாக்குச் செல்லாது. இரத்தத்தை உறைவிக்கும் தட்டணுக்களோ ஓயாது அசைத்துக்கொண்டிருந்தாலும் 5 நாளே. கிராமத்திற்கு அவை எட்டாப் பொருள். எனினும் உறைந்ததைக் கரையாமற் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் மலிவான மருந்து. 40 தேசங்களில் 20,000-க்கு மேற்பட்ட காயக்காரர்களிடம் நடந்த ஆராய்ச்சி, 2010-இல் அதன் பயனை மெய்ப்பித்தது. மூன்று மணிக்குள் கொடுக்கவேண்டும், தாமதித்தால் தீங்கே.

இக்கடற்கரையில் இரத்தக் குளிர்பெட்டி எங்கெங்கே உள்ளது, இன்று அதில் ‘ஓ’ வகை எத்தனை பை என்பதை அதிகாரிகள் ஆஸ்பத்திரி வாயிலிலேயே நாள்தோறும் எழுதி வைக்கட்டும்.