நாணய எழுத்தும் கைபேசிப் படமும்

வளைகுடா நாட்டில் நெடுங்காலம் பணியாற்றித் திரும்பிய பெரியவர் ஒருவர், தம்மிடமிருந்த வெள்ளித் திர்ஹம் ஒன்றைக் கைபேசியில் படமெடுத்து, அதிலுள்ள ஆண்டைப் படித்துச் சொல்லுமாறு நம் மாணவர் ஒருவர் வழியாக வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். நடுவில் கலிமா தெளிவாக இருந்தது. அதைச் சூழ்ந்தோடும் வட்ட வரியில் 'வாஸித்' என்னும் ஊர்ப்பெயரும் படிக்கக் கிடைத்தது. ஆண்டைக் குறிக்கும் முதற்சொல் மட்டும் ஃபிளாஷ் வெளிச்சத்தின் வெண்மையில் கரைந்துபோயிருந்தது. வேறு படம் கேட்டோம். அதற்குள் காசு கைமாறிவிட்டது. வாங்கிச் சென்றவர் எந்த ஊரினர் என்பதும் பெரியவருக்குத் தெரியவில்லை. நம் குறிப்பேட்டில் அக்காசுக்கு நேரே இன்றும் 'ஹிஜ்ரி 97 அல்லது 99' என்றே எழுதியிருக்கிறது.

இரண்டாண்டு வேறுபாடு அத்துணைப் பெரிதா என்று வாசகர்கள் வினவலாம். உமையாக் கலீஃபா அப்துல் மலிக் பின் மர்வான் ஹிஜ்ரி 77இல் (கி.பி. 696–97) தீனாரையும், 79இல் திர்ஹத்தையும் சீர்திருத்தினார். உருவங்கள் நீங்கி, எழுத்து மட்டுமே கொண்ட காசுகள் புழக்கத்துக்கு வந்தன. அத்திர்ஹங்களில் இறைவசனங்கள் உண்டு. அடித்த ஊரும் ஆண்டும் உண்டு. ஆட்சியிலிருந்த கலீஃபாவின் பெயர் இல்லை. ஆதலால் ஒரு திர்ஹம் யாருடைய காலத்தது என்பதற்கு ஆண்டே சான்று. ஹிஜ்ரி 97 எனில் அது சுலைமான் பின் அப்துல் மலிக்கின் காலம். அவர் 99ஆம் ஆண்டு ஸஃபர் மாதத்தில் மறைந்தார். அவ்வாண்டின் எஞ்சிய பெரும்பகுதி உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் ஆட்சிக்குரியது. பெரியவர் விற்றது எவருடைய காலத்துக் காசு என்பதை இனி நாம் அறிய வழியில்லை.

இக்காசுகளில் ஆண்டு இலக்கத்தில் இல்லை, சொல்லில் இருக்கிறது. ஏழு என்பது 'ஸப்உ'. ஒன்பது என்பது 'திஸ்உ'. நாம் இன்று எழுதும் அரபியில் புள்ளிகள் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். காசிலுள்ள கூஃபி எழுத்தில் அப்புள்ளிகள் இல்லை. முன்னதில் ஸீனின் மூன்று பற்கள், அடுத்து பாவின் ஒரு பல், இறுதியில் ஐன். பின்னதில் தாவின் ஒரு பல், அடுத்து ஸீனின் மூன்று பற்கள், இறுதியில் ஐன். புள்ளியை நீக்கிப் பார்த்தால் இரண்டுமே நான்கு பற்களும் ஓர் ஐனும்தான். அச்சைச் செதுக்கியவர்கள் இதை உணர்ந்தே பாவின் பல்லையும் தாவின் பல்லையும் சற்று உயர்த்தி வெட்டினர். உயர்ந்த பல் முதலாவதாக நின்றால் ஒன்பது. நான்காவதாக நின்றால் ஏழு. எழுபது, தொண்ணூறு என்னும் சொற்களிலும் இதே மயக்கம் உண்டு. ஆயினும் வாஸித் நகரே ஹிஜ்ரி எண்பதுகளில் ஹஜ்ஜாஜால் அமைக்கப்பட்டதாதலின், அவ்வூர்க் காசில் எழுபதுக்கு இடமில்லை. ஒன்றாமிடத்துக்கு வரலாறு அவ்வாறு கைகொடுப்பதில்லை. அங்கே பல்லைத்தான் பார்க்க வேண்டும்.

திர்ஹத்தின் எடை ஏறத்தாழ 2.9 கிராம், அகலம் ஓர் அங்குலத்தைச் சற்றே கடக்கும். அதன் ஓரத்தில், பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்த எழுத்தில், ஒரு பல் மற்றொன்றைவிட உயர்ந்திருப்பது மயிரிழை அளவுதான். அதைக் காட்டுவதும் மறைப்பதும் ஒளி வரும் திசையே.

மேடான ஒரு கோட்டுக்குக் குறுக்கே ஒளி பாய்ந்தால் அதன் ஒரு பக்கம் ஒளிரும், மறுபக்கம் நிழலாகும். கோடு எடுப்பாகத் தெரியும். கோட்டின் போக்கிலேயே ஒளி சென்றால் நிழல் விழாது; கோடு மங்கிவிடும். காசின் வரியோ வட்டமாக ஓடுகிறது. உச்சியில் நிற்கும் சொல்லுக்குப் பொருந்தும் ஒளி, பக்கவாட்டில் நிற்கும் சொல்லுக்குப் பொருந்தாது. ஆகவே ஒரே படத்தில் முழுக் காசையும் படித்துவிடலாம் என்று எண்ணுவது தவறு. காசையும் கைபேசியையும் அசைக்காமல் வைத்து, மேசை விளக்கைத் தாழ்வாகப் பக்கவாட்டில் பிடித்து, கடிகாரத்தின் பன்னிரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது மணித் திசைகளிலிருந்து நான்கு படங்கள் எடுத்தல் வேண்டும். பின்னர் அவற்றைத் திரையில் மாற்றி மாற்றித் தள்ளிப் பார்க்கையில், ஒன்றில் மறைந்த பல் மற்றொன்றில் எழுந்து நிற்பதைக் காணலாம். நால்வர் கூடிச் சச்சரவிட்ட ஒரு சொல்லை இம்முறையில் ஐந்து நிமிடத்தில் தீர்த்த அனுபவம் நமக்குண்டு. கீழ்த்திசையிலிருந்து ஒளி வரும் படத்தில் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தோன்றக்கூடும். ஒளி மேலிருந்தே வருவதாகக் கொள்வது நம் கண்ணின் இயல்பு. பிறருக்கு அனுப்பும்போது மேலொளிப் படத்தை முதலில் வைப்பது நலம்.

ஃபிளாஷ் இதற்கு உதவாது. அது லென்சுக்கு அருகிலிருந்து நேரே பாய்வதால் நிழலையெல்லாம் அழித்துவிடுகிறது. கைபேசியைக் காசுக்கு மிக அருகே கொண்டுசெல்வதும் வேண்டா. கருவியின் நிழல் விழும், விளிம்பும் வளைந்து தோன்றும். ஒரு சாண் உயரத்தில் நிறுத்தி, இருமடங்கு பெருக்கத்தில் எடுப்பது போதும். இரு பக்கமும் நூல்களை அடுக்கி அவற்றின்மேல் கைபேசியைக் கிடத்தி, மூன்று விநாடி டைமர் வைத்தால் கை நடுக்கம் படத்தில் ஏறாது. திரையில் காசின்மேல் விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தை நிலைநிறுத்திய பிறகு வெளிச்சத்தைச் சற்றுக் குறைக்கவும். வெள்ளி எளிதில் வெளுத்துவிடும். பின்னணிக்குச் சாம்பல் நிறத் துணி ஏற்றது.

இன்றைய கைபேசிகள் கண்டதைக் கண்டவாறே பதிவதில்லை. மங்கலைக் கூர்மையாக்குகின்றன, சொரசொரப்பை வழவழப்பாக்குகின்றன. ஒரு நிறுவனத்தின் கைபேசி, திரையில் காட்டிய மங்கலான நிலவுப் படத்துக்கு அதில் இல்லாத நுட்பங்களைச் சேர்த்துக் கொடுத்ததென 2023ஆம் ஆண்டில் பெரும் சர்ச்சை எழுந்தது. பிறை விஷயத்தில் நாம் படும் பாடு போதாதென்று இதுவும் சேர்ந்தது! காசின் பல்லுக்கும் இது நேரலாம். அழகூட்டும் அமைப்புகளை நிறுத்திவிட்டு, இயலுமாயின் 'ரா' வடிவத்திலும் ஒரு படி வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்து வீடுகளில் உமையாத் திர்ஹத்தைவிட ஆற்காட்டு ரூபாயே மிகுதி. இரண்டாம் ஆலம்கீர் பெயரும் ஹிஜ்ரி 1172உம் கண்டு, 'இருநூற்று அறுபது ஆண்டுக்கும் முந்தியது' என்று மகிழ்வார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதே ஆண்டை மாற்றாமல் பொறித்துச் சென்னையில் அடித்து வந்தது. சம்மட்டியால் அடித்ததா, எந்திரத்தில் அடித்ததா என்பதை விளிம்புதான் சொல்லும். இரு முகங்களையும் எடுப்பவர்கள் விளிம்பை எடுக்க மறந்துவிடுகிறார்கள். காசை நிமிர்த்தி நிறுத்தி அதையும் எடுக்க வேண்டும். திப்பு சுல்தானின் மவ்லூதி ஆண்டுக் காசுகளில் இலக்கங்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டுள்ளன. படம் இடவலம் மாறிவிட்டதெனக் கருதி அதைத் 'திருத்தி'விடக் கூடாது.

பதினான்காம் நூற்றாண்டு மதுரை சுல்தான்களின் சிறு செப்புக் காசுகளில் சிக்கல் வேறுவகை. செப்புத் தகடு அச்சைவிடச் சிறிதாக இருந்துவிட்டால் பெயரின் ஒரு பகுதியே காசில் விழும். பல காசுகளின் படங்களை ஒரே அளவில் அடுக்கிப் பார்த்தே பெயரை முழுமையாக்க முடியும். ஆகவே ஒரு படத்திலேனும் மில்லிமீட்டர் அளவுகோல் இருக்க வேண்டும். அதுவும் காசின் மேற்பரப்பின் உயரத்திலேயே இருக்க வேண்டும். நகைக்கடைத் தராசில் எடை பார்த்து, வரிசை எண்ணோடு கோப்பின் பெயரிலேயே எழுதிவிடலாம்.

படமெடுக்குமுன் புளியோ எலுமிச்சையோ சாம்பலோ இட்டுத் துலக்குவதை மட்டும் யாரும் செய்ய வேண்டா. பளபளப்பு வரும், பல் போய்விடும். செம்பின் மேலுள்ள கரும்பச்சைப் படிவு எழுத்தைக் காத்து நிற்பது. விளிம்பைப் பிடித்தே காசை எடுக்க வேண்டும், கீழே மெத்தென்ற துணி விரித்திருக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கியே அனுப்பும். 'டாக்குமென்ட்' என்பதைத் தேர்ந்து அனுப்பினால் எடுத்தவாறே போய்ச் சேரும். பொதுவில் பகிர்வோர் படத்தில் பதிந்திருக்கும் இடக்குறிப்பை முதலில் நீக்கிவிடுவது நல்லது. காசு எந்த வீட்டில் இருக்கிறது என்பதைக் கள்வருக்கு நாமே சொல்ல வேண்டியதில்லை. விற்கவோ பங்கு பிரிக்கவோ முடிவு செய்துவிட்ட வீடுகளில், காசு வாசலைத் தாண்டும் முன்பே இப்படங்களை எடுத்து, இரண்டு இடங்களில் சேமித்து வைக்க வேண்டும்.