சக்கரம் பூட்டிய வீடு – 4: முன்பாரமும் பின்பாரமும்

தைப்பூசத்துக்குச் சில நாள் முன்பு செட்டிநாட்டு ஊர்களிலிருந்து நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் வந்து கூடும். அங்கிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடை. 400 ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கம் என்று இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். வேல் மாட்டு வண்டியில் முன்செல்ல, காவடி எடுத்தவர்கள் பின்னால் நடப்பார்கள். பழனியிலிருந்து காவடியோடு நடந்தே திரும்பவும் செய்வார்கள். அரிசி, பருப்பு, அண்டா, பாய், விளக்கு என்று பல நாள் குடித்தனத்தையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பயணம் அது. இன்று வேனும் லாரியும் பாரத்தின் பெரும்பகுதியைச் சுமக்கின்றன. ஆனால் வண்டியில் எதை ஏற்றுவது, எங்கே வைப்பது, எதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது என்ற கேள்விகள் மாறவில்லை. புதிதாக கேம்பர் டிரெய்லர் வாங்கியவர் முதல் பயணத்துக்கு முன்னால் விடை காண வேண்டிய கேள்விகளும் இவைதான்.

எந்த டிரெய்லரை வாங்குவது, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அதைத் தனியாகப் பதிவு செய்வது, காப்பீடு எடுப்பது ஆகியவற்றைச் சென்ற வாரங்களில் பார்த்தோம். வண்டி இப்போது வாசலில் நிற்கிறது. இந்த வாரம் அதில் சாமான் ஏற்றுவோம்.

அச்சுக்கு முன்னும் பின்னும்

மாட்டு வண்டி ஓட்டுபவர் பூட்டுவதற்கு முன் பாரத்தைப் பார்ப்பார். அச்சுக்கு முன்னால் மூட்டை கூடிவிட்டால் முன்பாரம். நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் பின்பாரம். நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். ஏறி உட்கார்ந்த ஆட்களைக்கூட, “கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்க” என்று நகர்த்தி வைத்த பிறகுதான் வண்டி கிளம்பும்.

டிரெய்லரில் மாட்டின் இடத்தில் கார் இருக்கிறது, நுகத்தடியின் இடத்தில் இணைப்புக் கொக்கி. பின்பாரமானால் டிரெய்லரின் மூக்கு மேலே தூக்கி, காரின் பின்சக்கரம் சாலையை அழுத்திப் பிடிக்காது. வேகம் கூடும்போது டிரெய்லர் வால்போல் இடமும் வலமும் ஆடத் தொடங்கும். பயணத்தில் நேரக்கூடிய ஆபத்துகளில் மிக மோசமானது இது. முன்பாரம் அளவுக்கு மீறினால் காரின் பின்பக்கம் தாழ்ந்து, முன்சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங் பிடி தளரும்.

மொத்த எடையில் சுமார் 10 சதவீதம் கொக்கியின் மேல் விழுவது பொதுவான அளவு. 750 கிலோ டிரெய்லருக்கு 75 கிலோ. உங்கள் கார் கொக்கியில் எவ்வளவு தாங்கும் என்பது காரின் கையேட்டில் இருக்கும். இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டாதீர்கள். அளப்பது எளிது. சமதளத்தில் டிரெய்லரை நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷினை மூக்குக்கு அடியில் ஒரு மரக்கட்டையோடு வைத்தால் எடை காட்டிவிடும். மொத்த எடைக்கு, சாமான் முழுவதையும் ஏற்றிய பிறகு பக்கத்து எடைமேடைக்கு ஒருமுறை போய் வாருங்கள். கண்ணளவை நம்ப வேண்டாம்.

அடுக்கும் விதி இதிலிருந்தே வந்துவிடும். கனமானவை அச்சுக்கு மேலே, அல்லது ஒரு சாண் முன்னால், தரையோடு தரையாக. லேசானவை மேல் அலமாரியில். பின்கோடியில் போர்வை, துணி தவிர எதுவும் வேண்டாம். இடப்பக்கமும் வலப்பக்கமும் எடை ஒத்திருக்கட்டும்.

எடைக் கணக்கு

காலி டிரெய்லர் 550 கிலோ, அதிகபட்சம் 750 கிலோ என்று தகட்டில் போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். நமக்குக் கிடைப்பது 200 கிலோ. கேட்க நிறையத் தோன்றும். 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் 80 கிலோ போயிற்று. 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரி ஏறக்குறைய 30 கிலோ. வீட்டுக்கு வரும் 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் இரும்போடு சேர்த்து இன்னொரு 30 கிலோ. மிச்சம் 60 கிலோ. அதற்குள் பாத்திரம், அரிசி, துணி, படுக்கை, கருவிகள் எல்லாம் அடங்க வேண்டும்.

அதனால் முதலில் சிலிண்டரை மாற்றுங்கள். 5 கிலோ சிலிண்டர் ஒரு சிறு குடும்பத்தின் ஒரு வாரச் சமையலுக்குத் தாராளம். தண்ணீரையும் முழுக்க நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டியதில்லை. பழைய யாத்திரைகளில் தங்கும் இடத்தைத் தீர்மானித்ததே கிணறும் ஊரணியும் சத்திரமும்தான். அடுத்த நீர் எங்கே என்று தெரிந்தவருக்கு அதுவரைக்கும் போதுமான நீர் போதும். குடிக்க 20 லிட்டர் கேன் ஒன்று தனியாக, புழங்க 40 லிட்டர். தொட்டியைப் பாதி நிரப்பி ஓட்டுவதானால் உள்ளே தடுப்புப் பலகை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு பிரேக்குக்கும் தண்ணீர் முன்னும் பின்னும் மோதி வண்டியை உலுக்கும்.

மின்சாரம், கேஸ்

லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்றால் புழங்கத் தகுந்தது சுமார் 600 வாட்-மணி. 30 வாட் மின்விசிறி இரண்டு, இரவு 8 மணி நேரம் ஓடினால் 480. எல்இடி விளக்கும் போன் சார்ஜும் சேர்த்தால் இருப்பு தீர்ந்தது. 1,000 வாட் ஏசி ஓடினால் இதே இருப்பு ஏறக்குறைய அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சித்திரை வெயிலில் செட்டிநாட்டில் பயணம் போகிறவர் ஏசியை நம்பி டிரெய்லரை அமைக்க வேண்டாம். எதிரெதிரே இரண்டு சன்னல், அவற்றுக்குக் கொசுவலை, கூரையில் 200 வாட் சோலார் தகடு ஒன்று. நல்ல வெயில் நாளில் தகடு தோராயமாக 800 வாட்-மணி தரும். இரண்டு மின்விசிறியும் விளக்கும் அதில் ஓடிவிடும்.

மிக்சியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 750 வாட் மிக்சி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 60 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும். அதற்கேற்ற தடித்த வயரும் பெரிய இன்வெர்ட்டரும் வேண்டியிருக்கும்.

கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படிந்து நிற்கும். எனவே சிலிண்டர்ப் பெட்டியின் அடிப்பகுதியில், வெளியே திறக்கும் துவாரம் கட்டாயம் இருக்க வேண்டும். வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வு மூடியிருக்க வேண்டும். 2 கிலோ தீயணைப்பான் கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கட்டும். அடுப்புக்குப் பின்னால் மாட்டினால் தீப்பிடித்த நேரத்தில் கை எட்டாது.

சமையல் சாமான்

இந்த விஷயத்தில் செட்டிநாட்டு ஆச்சிமாருக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. ஊர்ப் பயணம் என்றால் கட்டுச்சோறு, பருப்புப் பொடி, வற்றல், ஊறுகாய், தேன்குழல், சீப்புச்சீடை. எல்லாம் எளிதில் கெடாதவை, போன இடத்தில் அரைக்கவோ இடிக்கவோ வேண்டாதவை. மூடி இறுகும் தூக்கு, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் பாத்திரம், கீழே விழுந்தாலும் தூளாகாத, எனாமல் பூசிய மங்குச் சாமான் ஆகியவை சமையற்கட்டை ஒரே பெட்டிக்குள் அடக்கிவிடும். பனையோலைக் கொட்டான்களில் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு வைத்தால் காற்றோட்டமாக இருக்கும், எடையும் இல்லை.

நான்கு பேருக்கு மூன்று லிட்டர் குக்கர் ஒன்று, வாணலி ஒன்று, தோசைக்கல் ஒன்று, தூக்கு இரண்டு, ஆளுக்கொரு தட்டும் டம்ளரும் போதும். இட்லி மாவை எடுத்துப் போவதானால் பாத்திரத்தில் பாதி மட்டும். ஓடும் வண்டியின் சூட்டில் மாவு பொங்கி வழிந்தால் படுக்கை வரைக்கும் புளிப்பு வாடைதான்.

ஏற்றும்போது கடைசியில் தேவைப்படுவதை முதலில் உள்ளே வையுங்கள். போய் நின்றதும் வேண்டியவை சக்கரக் கட்டை, மட்டம் பார்க்கும் பலகை, தண்ணீர்க் குழாய், அடுப்பு. இவை கதவைத் திறந்ததும் கையில் கிடைக்க வேண்டும். இருட்டில் போய்ச் சேரும் நாளில் இந்த ஒழுங்கின் அருமை தெரியும்.

ஒதுக்கக் கூடாதவை

எடையைக் குறைக்கச் சொல்கிறேன் என்று சிலவற்றை விட்டுவிடாதீர்கள். டிரெய்லருக்கெனத் தனி ஸ்டெப்னி வேண்டும். காரின் சக்கரம் பெரும்பாலும் பொருந்தாது. ஜாக்கி, வீல் ஸ்பேனர், காற்றடிக்கும் கருவி, முதலுதவிப் பெட்டி, எச்சரிக்கை முக்கோணம் ஆகியவை வேண்டும். கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்டும் பாதுகாப்புச் சங்கிலி இரண்டு. கொக்கி கழன்றாலும் டிரெய்லரைக் காரோடு பிடித்து நிறுத்துபவை அவைதான். கிளம்பும் முன் ஒருவர் பிரேக்கையும் இண்டிகேட்டரையும் போட, இன்னொருவர் டிரெய்லரின் பின்னால் நின்று விளக்கு எரிகிறதா என்று பார்க்கட்டும்.

இன்னொன்று, கழிவுநீருக்கு மூடியுள்ள தனி கேன். செட்டிநாட்டு ஊர்களில் ஊரணி என்பது மழைநீரைத் தேக்கிக் குடிக்க வெட்டிய குளம். காலம் காலமாக ஊர் அதைக் காத்து வந்திருக்கிறது. அழகாக இருக்கிறதே என்று அதன் கரையில் டிரெய்லரை நிறுத்திச் சோப்புத் தண்ணீரைத் திறந்துவிடுவது அந்த ஊருக்குச் செய்யும் துரோகம். கழிவுநீரைக் கேனில் பிடித்து, பெட்ரோல் பங்கிலோ தங்கும் விடுதியிலோ கேட்டு, கழிவறையில் ஊற்றுங்கள்.

முதல் பயணம்

நீண்ட பயணத்துக்கு முன் ஒரே ஓர் இரவு, வீட்டுக்குப் பக்கத்திலேயே தங்கிப் பாருங்கள். காரைக்குடிக்காரர்களுக்குக் குன்றக்குடி, பிள்ளையார்பட்டிப் பக்கம் போதும். அதற்கு முன்பு ஒரு வெற்றுப் பொட்டலில் ரிவர்ஸ் பழகுங்கள். ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும், கை பழகச் சிறிது நேரம் பிடிக்கும். சாலையில் டிரெய்லர் ஆடத் தொடங்கினால் பிரேக்கை அழுத்தாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து வேகம் தானே குறைய விடுங்கள். பிறகு ஓரமாக நிறுத்தி, பின்னால் இருக்கும் பாரத்தை முன்னே நகர்த்துங்கள்.

திரும்பி வந்ததும் சாமான் எல்லாவற்றையும் திண்ணையில் இறக்கிப் பரப்புங்கள். கையால் தொடாமலே திரும்பி வந்தவற்றை வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். பாதுகாப்புக் கருவிகள் மட்டும் இதற்கு விலக்கு. மிஞ்சுவதே உங்கள் டிரெய்லருக்கு உரிய சாமான். அதன் பட்டியலை எழுதி, கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அடுத்த பயணத்துக்கு அதிலிருந்து தொடங்கினால் போதும்.

(அடுத்த வாரம்: டயர், பிரேக், பேரிங் – மழைக்காலத்துக்கு முன் செய்ய வேண்டிய பராமரிப்பு)