வியர்வையின் கணக்கு: மாணவர் ஆய்வும் அதற்கான ஆதரவும்

விளையாடும் உடல் எவ்வளவு நீரை இழக்கிறது, அதை எப்போது, எதைக் கொண்டு ஈடுகட்ட வேண்டும் என்பது விளையாட்டு ஊட்டச்சத்து அறிவியலின் அடிப்படைக் கேள்விகளில் ஒன்று. இத்துறையில் மாணவர்களின் பங்கு தொடக்கத்திலேயே அமைந்தது. 1965-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில், அமெரிக்கக் கால்பந்து அணியின் துணைப் பயிற்சியாளர் ஒருவர் சிறுநீரக மருத்துவர் ராபர்ட் கேடிடம் ஒரு சந்தேகம் கேட்டார்: ஆட்டத்தில் இவ்வளவு எடை குறையும் வீரர்களுக்கு ஏன் சிறுநீரே வருவதில்லை?

கேடும் அவரிடம் பயிற்சி பெற்றுவந்த இளம் மருத்துவர்களும் முதலாண்டு மாணவர் அணியைப் பரிசோதித்தார்கள். நீர் வியர்வையாகவே வெளியேறிவிட்டிருந்தது. உப்புச் சமநிலை குலைந்து, இரத்தத்தின் அளவும் சர்க்கரையும் குறைந்திருந்தன. நீர், உப்பு, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு சேர்த்து அவர்கள் தயாரித்த பானமே கேட்டரேட். குடலில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தே உறிஞ்சப்படுகின்றன, அவற்றைத் தொடர்ந்து நீரும் உள்ளே செல்கிறது. வயிற்றுப்போக்குக்குத் தரப்படும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் இதே அடிப்படையில்தான் வேலை செய்கிறது. பானத்தின் உரிமைத்தொகையில் ஒரு பங்கு பின்னர் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்து, அங்கு நடக்கும் ஆய்வுகளுக்குப் பயன்பட்டுவருகிறது.

இன்றைய மாணவர் ஆய்வுக்குப் பெரிய ஆய்வுக்கூடம் கட்டாயமில்லை. துல்லியமான எடைக் கருவி, அளவுக் குடுவை, கடிகாரம் இருந்தாலே வியர்வை வீதத்தைக் கண்டறியலாம். பயிற்சிக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, குறைந்த உடையில் எடை பார்க்க வேண்டும். 62 கிலோ எடையுள்ள ஓட்டக்காரர் ஒன்றரை மணி நேரப் பயிற்சியில் 600 மில்லி குடித்தும் 60.9 கிலோவுக்கு இறங்கினால், அவர் இழந்தது சுமார் 1.7 லிட்டர்; மணிக்கு 1.1 லிட்டருக்குச் சற்று மேல். இடையில் சிறுநீர் கழித்திருந்தால் அந்த அளவைக் கழித்துக்கொள்ள வேண்டும். உடல் எடையில் 2 விழுக்காட்டுக்கு மேல் நீர் குறைய விடக்கூடாது என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2007-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். குடித்தது போக இந்த வீரரின் எடை இழப்பு 1.8 விழுக்காடு, எல்லைக்கு வெகு அருகில்.

குறைவாகக் குடிப்பதைப் போலவே மிகுதியாகக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்த மாதிரி தந்த 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் அளவு இயல்புக்குக் கீழே இருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியதே அதனுடன் மிக நெருங்கிய தொடர்பு காட்டியது. அளவுக்கு மீறிக் குடித்ததன் அடையாளம் அது. ஒருவருக்கு ஏற்ற அளவு இன்னொருவருக்குப் பொருந்தாது. அதனால் பெண்கள், சிறுவர்கள், வெப்ப நாடுகளின் வீரர்கள் எனத் தனித்தனியே அளந்து பார்க்கும் ஆய்வுகள் தேவை. களத்துக்கு அருகிலேயே இருக்கும் மாணவர்களால் அவற்றைச் செய்ய முடியும்.

அதற்கு முதல் தேவை பணம். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் அறக்கட்டளை முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வு நிதி வழங்குகிறது. 1985-இல் தொடங்கிய கேட்டரேட் விளையாட்டு அறிவியல் நிலையமும் மாணவர்களுக்கு நிதியுதவி அளித்துவந்திருக்கிறது. பானம் விற்கும் நிறுவனமே ஆய்வுக்கும் பணம் தரும்போது கவனம் தேவை. விளையாட்டுப் பான விளம்பரங்கள் சொல்வதற்குப் போதிய சான்று இல்லை என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2012-இல் சுட்டிக்காட்டியது. எனவே நிதி எங்கிருந்து வந்தது என்பதை ஆய்வேட்டில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். முடிவு எதுவானாலும் அதை வெளியிடும் உரிமை மாணவரிடம் இருக்க வேண்டும்.

பணத்துக்கு அடுத்தபடியாக வேறு சில உதவிகள் வேண்டும். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும், பங்கேற்பவரின் எழுத்துப்பூர்வ சம்மதமும் கட்டாயம். முதல்முறை விண்ணப்பிக்கும் மாணவருக்கு இதில் வழிகாட்டி தேவை. எத்தனை பேரைச் சோதித்தால் முடிவை நம்பலாம் என்பதைத் தொடங்கும் முன்பே புள்ளியியல் அறிந்தவரிடம் கேட்டுக்கொண்டால் பின்னால் உழைப்பு வீணாகாது. பயிற்சி நேரத்தில் எடை பார்க்கப் பயிற்சியாளர் இடம் கொடுக்க வேண்டும். வீரருக்கு அவருடைய முடிவை எளிய மொழியில் விளக்கிச் சொல்வது மாணவரின் கடமை. அப்போதுதான் அந்த ஆய்வு வீரரின் அடுத்த பயிற்சிக்குப் பயன்படும்.