சத்தம் வந்தால் பயப்படாதீங்க

எங்கள் மகளுக்கு ஏழு மாதம். முதன்முதலாக வேகவைத்த கேரட்டைக் கையில் கொடுத்தோம். இரண்டாவது கடியிலேயே ஓங்கரித்தாள். முகம் சிவந்து கண்ணில் தண்ணீர். பதறிப்போய் வாய்க்குள் விரலை விட்டேன். மனைவி என் கையைப் பிடித்து இழுத்தாள். "சத்தம் வருதுல்ல, விடுங்க. அவளே துப்பிடுவா." துப்பினாள். உடனே அடுத்த துண்டுக்குக் கை நீட்டினாள்.

குழந்தைகளுக்கு ஓங்கரிப்பைத் தூண்டும் இடம் நாக்கில் நம்மைவிட முன்னாடியே இருக்கிறது. அது பாதுகாப்பு. மூச்சுக்குழாய் அடைத்தால் கதை வேறு: அழுகை வராது, இருமல் வராது, சத்தமே இருக்காது. கண்ணுக்குத் தெரியாததை விரலால் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும். நான் செய்தது அதைத்தான்.

அதற்குப் பிறகு எங்கள் சோதனை ஒன்றே ஒன்று: இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும். நம் விரல் நீளத்துக்கு வெட்டிய சர்க்கரைவள்ளிக்கிழங்கு, வாழைப்பழம், உப்பு போடுவதற்கு முன் எடுத்துவைத்த மாவில் சுட்ட இட்லி. நிமிர்ந்து உட்காரவைத்துத்தான் கொடுப்போம், பக்கத்திலேயே இருப்போம். கார் சீட்டில் எதுவும் கிடையாது.

உண்மையான சிக்கல் ஊரிலிருந்து அம்மா வந்தபோதுதான். ஒரு கையில் பொட்டுக்கடலை, மறு கையில் முழுத் திராட்சை. "உன்னை இப்படித்தாண்டா வளர்த்தேன்" என்றார். வாதம் எடுபடவில்லை. இங்கே பிரிட்டனில் முழுக் கொட்டைகளை ஐந்து வயது வரை தரக்கூடாது என்கிறார்கள், பொடியாக அரைத்துத் தரலாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்ட வேண்டும். உருண்டையும் வழுவழுப்புமாக இருப்பதால் அது மூச்சுக்குழாயில் மூடி போல உட்கார்ந்துவிடும். தேன், ஒரு வயதுக்கு முன் ஒரு சொட்டும் வேண்டாம்.

கடைசியில் பொம்மையை வைத்து முதலுதவியைச் செய்து காட்டினேன். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் தொடைமேல் குப்புறப் போட்டு, தலை தாழ்வாக, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வெளியே வரவில்லையா? மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் ஐந்து அழுத்து. வயிற்றை அழுத்தவே கூடாது. அப்படியும் வரவில்லை என்றால் 999-ஐக் கூப்பிட்டுவிட்டு, உதவி வரும்வரை இதையே மாற்றி மாற்றிச் செய்யணும்.

அம்மா பொம்மையை வாங்கி, தானும் தட்டிப் பார்த்தார். "இவ்வளவு பலமாவா அடிக்கணும்?" என்று மட்டும் கேட்டார். பொட்டுக்கடலை மிக்ஸிக்குப் போனது.