நூறு டன் வித்தியாசம்

விமானம் மேலெழும்பத் தேவையான வேகத்தை அதன் எடையே தீர்மானிக்கிறது. பாரம் குறைந்தால் குறைந்த வேகம் போதும். கூடினால் வேகமும் கூடவேண்டும்.

விமானப் பொறியியல் மாணவியான என்னை யோசிக்க வைத்தது, 2003 மார்ச் 12ஆம் தேதி ஆக்லாந்தில் நடந்த சம்பவம். சிங்கப்பூருக்குப் புறப்பட்ட சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போயிங் 747இன் எடை 347.4 டன். வேகத்தைக் கணக்கிட அட்டையில் எழுதப்பட்டதோ 247.4 டன். மணிக்குச் சுமார் 302 கிலோமீட்டரில் உயர வேண்டிய மூக்கு, 241இலேயே உயர்ந்தது. வால், ஓடுபாதையில் ஏறக்குறைய 490 மீட்டர் உரசியது. விமானம் திரும்பிப் பத்திரமாகத் தரையிறங்கியது; யாருக்கும் காயமில்லை.

விமானக் கணினி கணக்கிட்ட வேகம் சரியாகவே இருந்தது; அதை மாற்றிவிட்டு அட்டையிலிருந்த வேகமே பதிவுசெய்யப்பட்டது. இரண்டு விடைகள் முரண்பட்டால், எது சரி என்று பார்த்த பிறகே அடுத்த படிக்குச் செல்வோம்.