போட்டிக்கு முந்திய பத்து நிமிடம்: பலப் பயிற்சி கைகொடுக்குமா, காலை வாருமா?

கோடை வந்துவிட்டால் சுவிற்சர்லாந்தில் எமது பிள்ளைகளுக்குப் போட்டிக் காலமும் வந்துவிடும். தமிழர் விளையாட்டு விழாக்கள், பாடசாலை விளையாட்டு நாள், கழகப் போட்டிகள், 2011ஆம் ஆண்டு தொடங்கிய யூபிஎஸ் கிட்ஸ் கப் என்று வார இறுதிகள் மைதானத்திலேயே கழிகின்றன. இம்மைதானங்களில் அண்மைக் காலமாக ஒரு புதுப் பழக்கத்தையும் காண்கிறோம். ஓட்டத்துக்குப் பெயர் கூப்பிடும் வேளையில் பதின்ம வயதுப் பிள்ளைகள் ஓரமாக நின்று, மூச்சு வாங்க வாங்கக் குந்தி எழும்புகிறார்கள். சிலர் நண்பனைத் தோளில் சுமந்துகொண்டும் குந்துகிறார்கள். போட்டிக்கு முன்னர் பாரம் தூக்கினால் கால்களுக்கு வேகம் வரும் என்று கைத்தொலைபேசியில் பார்த்ததாகச் சொல்கிறார்கள்.

இதில் உண்மை இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் அது யாருக்கு, எவ்வளவு, எப்போது என்பதிலேயே எல்லாம் தங்கியுள்ளது. அதையே இம்முறை எமது நலவாழ்வுப் பகுதியில் பார்ப்போம்.

வெடிவலு என்பது என்ன?

மிகக் குறுகிய நேரத்தில் தசைகள் தமது முழுப் பலத்தையும் வெளிவிடும் ஆற்றலை வெடிவலு எனலாம். 1958ஆம் ஆண்டு தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைப் பெற்றுத் தந்த எமது யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்களின் பாய்ச்சல் அதற்கு நல்ல உதாரணம். அதே தோக்கியோவில் 2025ஆம் ஆண்டு உலகப் போட்டியின் 100 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தை பேர்ண் நகரத்து டித்தாஜி கம்புன்ஜி 12.24 செக்கன்களில் ஓடி வென்றார். இரண்டாமவர் பின்தங்கியது 0.05 செக்கன் மட்டுமே. அவரின் அக்கா முஜிங்கா கம்புன்ஜி 2022இல் பெல்கிறேட்டில் 60 மீற்றர் உள்ளரங்க உலகப் பட்டத்தை 6.96 செக்கன்களில் வென்றவர். இப்படிப்பட்ட போட்டிகளில் ஒரு வீத முன்னேற்றம் கூடப் பதக்கத்தைத் தீர்மானிக்கும். அதனாலேயே போட்டிக்கு முந்திய சில நிமிடங்களை விஞ்ஞானிகள் இத்தனை நுணுக்கமாக ஆராய்கிறார்கள்.

தசைக்குள் நடப்பது

மயோசின், அக்டின் என்னும் இரண்டு புரதங்கள் ஒன்றையொன்று பற்றி இழுப்பதாலேயே தசை சுருங்குகிறது. பாரமான ஒரு முயற்சியின்போது மயோசினில் பொஸ்பேற்றுக் கூறு ஒன்று சேர்கிறது. அதனால் அடுத்த சுருக்கத்தில் இந்தப் பற்றுதல் இலகுவாகிறது. வேகமாகச் சுருங்கும் தசை இழைகளில் இது அதிகம். ஆனால் இவ்விளைவு அரை நிமிடத்திலேயே ஏறத்தாழப் பாதியாகி, சில நிமிடங்களில் மறைந்துவிடும்.

அதே முயற்சி தசைக்குக் களைப்பையும் கொடுக்கிறது. பாரம் தூக்கிய உடனேயே ஓடினால் களைப்பே மேலோங்கி நிற்கும். சில நிமிடங்கள் ஓய்வெடுத்தால் களைப்பு இறங்கிவிடும். அப்போது மிஞ்சும் நன்மைக்குத் தசை சூடாவது, தசைக்குள் நீர் கூடுவது, நரம்புகளின் தூண்டுதல் ஆகியன காரணமாகலாம் என இப்போது கருதப்படுகிறது. தசையின் வெப்பம் ஒரு பாகை கூடினால் அதன் வலு 2 முதல் 5 வீதம் வரை கூடலாம் என்பதை நாம் மறக்கக் கூடாது. சாதாரண உடற்சூடேற்றலின் பெறுமதி அங்கேதான் இருக்கிறது.

எவ்வளவு பாரம், எவ்வளவு ஓய்வு?

2013இல் வெளியான, 32 ஆய்வுகளை ஒன்றுசேர்த்த ஓர் ஆய்வு மூன்று விடயங்களைச் சொன்னது. ஒருவர் ஒரே தடவை தூக்கக்கூடிய உச்சப் பாரத்தில் 60 முதல் 84 வீதம் வரையானதே மிகப் பாரமானதைவிட நல்ல பலன் தந்தது. அதன் பின் 7 முதல் 10 நிமிட ஓய்வு தேவைப்பட்டது. பல ஆண்டுகள் பயிற்சி பெற்ற வீரர்களுக்கே பலன் அதிகமாக இருந்தது.

2016இல் வந்த இன்னுமோர் ஆய்வு பலசாலிகளையும் மற்றவர்களையும் பிரித்துப் பார்த்தது. ஆண்களில், தமது எடையின் 1.75 மடங்கு பாரத்துடன் குந்தி எழும்பக் கூடியவர்களே அங்கு பலசாலிகள். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 120 கிலோவுக்கு மேல் சுமந்து எழும்ப வேண்டும்! அவர்களுக்கு 5 முதல் 7 நிமிட ஓய்வு போதுமாக இருந்தது. மற்றவர்களுக்கு 8 நிமிடமும் அதற்கு மேலும் தேவைப்பட்டது.

எனவே, ஜிம்முக்கே போகாத 14 வயதுப் பிள்ளை ஓட்டத்துக்கு இரண்டு நிமிடம் முன்னர் ஐம்பது தடவை குந்தி எழும்பினால், கிடைப்பது களைப்புத்தான். பெரிய போட்டிகளிலும் வீரர்கள் அழைப்பு அறைக்கு முன்கூட்டியே போய்க் காத்திருக்க வேண்டும். அங்கே பாரம் தூக்க வசதி இராது. ஆகவே அவர்களிலும் பலர் சில துள்ளல்களாலும் குறுகிய வேக ஓட்டங்களாலுமே உடலைத் தயார்ப்படுத்துகிறார்கள்.

பிள்ளைகளுக்கு எது பொருத்தம்?

பலப் பயிற்சி பிள்ளைகளுக்கு ஆகாது, வளர்த்தி நின்றுவிடும் என்று எம்மவரில் பலர் இன்னமும் நம்புகிறார்கள். இது தவறு. 5 முதல் 17 வயதுவரை தினமும் 60 நிமிட உடலியக்கமும், கிழமையில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் பலப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பயிற்றுநரின் மேற்பார்வையில், சொந்த உடல் எடையுடன் தொடங்குவதே முறை.

பாசல் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் பங்களிப்புடன் சுவிஸ், ஜேர்மனி, நெதர்லாந்து, செக் நாடுகளில் 7 முதல் 13 வயது உதைபந்தாட்டச் சிறுவர்களிடம் ஒரு சூடேற்றல் பயிற்சி சோதிக்கப்பட்டது. ஒற்றைக் காலில் சமநிலை, துள்ளல், உருண்டு விழப் பழகுதல் போன்ற ஏழு பயிற்சிகளே அதில் உண்டு. 2018இல் வெளியான முடிவின்படி அதைச் செய்த அணிகளில் காயங்கள் 48 வீதம் குறைந்தன. காயப்படாத பிள்ளையே ஆண்டு முழுவதும் பயிற்சி பெறுவார். ஆண்டு முழுவதும் பயிற்சி பெறுபவரே வேகமாக ஓடுவார்.

போட்டி நாளில் செய்யக்கூடியது

1. ஓட்டத்துக்கு 40 நிமிடம் முன்னர்: வியர்வை அரும்பும் வரை 8 முதல் 10 நிமிடம் மெதுவோட்டம்.

2. அடுத்து 5 நிமிடம்: கால்களை வீசுதல், முழங்காலை உயர்த்தி நடத்தல் போன்ற அசைவுப் பயிற்சிகள். ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தபடி நிற்க வேண்டாம். அது பாய்ச்சலைச் சற்றுக் குறைக்கலாம்.

3. பின்னர் 30 மீற்றர் ஓட்டம் மூன்று தடவை, ஒவ்வொன்றும் முன்னையதைவிட வேகமாக.

4. ஓட்டத்துக்கு 10 நிமிடம் முன்னர்: நின்ற இடத்திலிருந்து முழுப் பலத்துடன் 3 முதல் 5 பாய்ச்சல்கள். ஒன்றிரண்டு நிமிட ஓய்வின் பின் இன்னொரு தடவை. அத்துடன் நிறுத்த வேண்டும்.

5. மேலங்கியைப் போட்டுக்கொண்டு நடந்தபடி காத்திருத்தல். ஆறிய தசைக்கு முந்திய உழைப்பெல்லாம் வீண்.

பல ஆண்டு பாரப் பயிற்சி உள்ள வளர்ந்த வீரர்கள் பாரத்தையும் பரீட்சித்துப் பார்க்கலாம். ஒருநாள் வழமையான சூடேற்றலுக்குப் பின்னும், இன்னொரு நாள் பாரம் தூக்கி 4, 8, 12 நிமிடங்களின் பின்னும் நின்றபடி நீளம் பாய்ந்து அளந்து பாருங்கள். உங்கள் உடலுக்குப் பொருத்தமான நேரம் தெரியவரும். சிலருக்கு எந்த நன்மையும் தெரியாது. அதுவும் இயல்பே. எதையும் முதன்முதலாகப் போட்டியன்று செய்து பார்க்க வேண்டாம்.

பெற்றோரும் கவனிக்க

வளரும் வயதில் முழங்காலுக்குக் கீழே நோவென்று பிள்ளை சொன்னால் துள்ளல்களை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். "கொஞ்சம் பொறுத்துக்கொள்" என்று ஓடவிட வேண்டாம்.

விழாக்களில் அப்பாமாரும் கயிறு இழுப்பார்கள், நூறு மீற்றரும் ஓடுவார்கள். ஆண்டு முழுவதும் வேலையும் வீடும் என்றிருந்த உடலைத் திடீரென வேகமாக ஓடவிட்டால் தொடையின் பின்தசையும் குதிக்கால் நாணும் கிழியக் கூடும். மூச்சைப் பிடித்தபடி பாரம் தூக்கினால் இரத்த அழுத்தம் சடுதியாக ஏறும். நீரிழிவும் இதய நோயும் எமது சமூகத்தில் அதிகம் என்பதால், 40 வயதைக் கடந்தவர்கள் முன்கூட்டியே குடும்ப வைத்தியரிடம் ஆலோசனை பெறுவது நல்லது.

விழா ஏற்பாட்டாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். அறிவித்த நேரத்தில் போட்டியைத் தொடங்குங்கள். பிந்துவதாயின் பத்து நிமிடம் முன்னராவது ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். மைதானத்தின் ஓரத்தில் சூடேற்றலுக்கென ஒரு பகுதியை ஒதுக்கிவிடுங்கள். பதினொரு மணிக்குத் தயாராகிய பிள்ளையை ஒரு மணிக்கு ஓடவிட்டால் எந்தப் பயிற்சியும் கைகொடுக்காது.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் எமது முன்னோர். போட்டிக்கு முந்திய பத்து நிமிடத்தில் புதிதாகப் பலத்தைச் சேர்க்க முடியாது. ஆண்டு முழுவதும் சேர்த்த பலத்தைச் சரியான நேரத்தில் வெளிக்கொணர மட்டுமே முடியும். கிழமைக்கு இரண்டு மூன்று நாட்களாவது பிள்ளைகளை ஒழுங்காகப் பயிற்சிக்கு அனுப்புங்கள். கோடையில் அதன் பலனைக் கண்கூடாகக் காண்பீர்கள்.